புரூனோவின் முகம்

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பூனை இருந்தது. ‘இருந்தது’ என்று எழுதும்போதே கொஞ்சம் உறுத்துகிறது. அந்த வீட்டம்மா ‘அவன்’ என்றுதான் சொல்வார். நியூ ஜெர்சியில் அந்தத் தெருவில் குடியிருந்த காலம் முழுக்க நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அவன் பெயர் புரூனோ. போட்டிச் சான்றிதழில் வேறொரு நீளமான பெயர் இருக்கும். முதலில் அவனை உருவாக்கிய பண்ணையின் பெயர், அதற்குப் பின்னால் இரண்டு மூன்று அலங்காரச் சொற்கள். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

பர்மிய இனத்துக் கடுவன். திக்கான டிகாக்‌ஷன் நிறம், பொன்மஞ்சள் கண்கள். பார்த்தால் சிறியவன், தூக்கினால் எதிர்பார்க்காத கனம். பட்டுத்துணியில் சுற்றிய செங்கல் என்று இந்த இனத்தை வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. சரியான உவமைதான். ஆனால் செங்கல் ஆளுக்குப் பின்னால் அறை அறையாக நடந்து வராது. புரூனோ வருவான். புதிதாக யாராவது வந்தால் முதலில் அவர்களுடைய செருப்பை முகர்ந்து பார்ப்பான். அது தேறினால்தான் மடி. டீ கோப்பைக்குள் முன்னங்காலை விட்டுச் சூடு பார்ப்பான். தொண்டை கட்டிய மாதிரி ஒரு குரல். அந்தக் குரலில் அவன் புகார் சொன்னால் அந்தம்மா பதில் சொல்வார், அவன் மறுபடி சொல்வான். இது பத்து நிமிஷம்கூட ஓடும். நான் பூனை பிடித்தவன் இல்லை. இவனைப் பிடித்துப்போனது.

தமிழில் பொலிகாளை உண்டு, பொலிகடா உண்டு. பூனைக்கு அப்படி ஒரு சொல் நமக்குத் தேவைப்பட்டதில்லை. புரூனோ பொலிகடுவன். அதாவது அவன் வேலை இனம் பெருக்குவது. காயடிக்காத கடுவன் சுவரிலும் சோபாவிலும் சிறுநீர் பீய்ச்சி எல்லை போடும். அந்த நாற்றத்தை நுகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதனால் வீட்டுக்குப் பின்னால் அவனுக்கென்று ஒரு குட்டி மரக்கொட்டகை: உள்ளே ஹீட்டர், வெளியே கம்பிவலை போட்ட முற்றம், உயரத்தில் ஒரு பலகை. பலகை எதற்கு என்று கேட்டேன். “முடிஞ்சதும் பெட்டை திரும்பி அறையும். அவன் தாவி ஏறித் தப்பிக்கிறதுக்கு” என்றார். வீட்டுக்குள் வருவதெல்லாம் சாயங்காலம் ஒரு மணி நேரம், அவர் கண்பார்வையில். மனிதர்களுடனேயே ஒட்டிக்கொண்டு கிடக்க விரும்பும் ஓர் இனத்தின் ஆண், மற்ற நேரமெல்லாம் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டிக்கு ஒருமுறை கூடப் போயிருக்கிறேன். பெரிய மண்டபம், வரிசை வரிசையாகக் கூண்டுகள், வளையம் வளையமாக நடுவர் மேஜைகள். எண்ணைக் கூப்பிட்டதும் உரிமையாளர் பூனையைத் தூக்கிப்போய் நடுவருக்குப் பின்னாலிருக்கும் கூண்டில் விடுவார். நடுவர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் நிறுத்துகிறார், முதுகெலும்பைத் தடவுகிறார், பக்கவாட்டில் திருப்பி மூக்கின் வளைவைப் பார்க்கிறார், இறகுக்குச்சியை ஆட்டிக் கண்ணை விரிய வைக்கிறார். வைத்துவிட்டுக் கையையும் மேஜையையும் மருந்து போட்டுத் துடைத்துக்கொண்டு அடுத்தது. அவர் மனதில் எழுதப்பட்ட ஓர் இலக்கணம் இருக்கிறது: தலைக்கு இவ்வளவு, உடம்புக்கு இவ்வளவு, நிறத்துக்கு இவ்வளவு, மொத்தம் 100. கடித்தால் வெளியேற்றலாம். ஆனால் டீ கோப்பைக்குள் கால் விடுவதற்கு அதில் மதிப்பெண் கிடையாது.

இதை முதலில் ஏற்பாடு செய்தவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஹாரிசன் வேர் என்ற ஓவியர் 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சி நடத்தினார். எலி பிடிக்க மட்டும் சகித்துக்கொள்ளப்பட்ட ஒரு பிராணிக்கு மரியாதை வாங்கித்தர வேண்டும் என்பது அவர் ஆசை. இலக்கணம் எழுதியவரும் அவரே. அடுத்த 20 ஆண்டுகளுக்குள், அமைப்பில் இருப்பவர்களுக்குப் பூனையின் நலத்தைவிடப் பரிசுதான் பெரிதாகிவிட்டது என்று கசந்துபோய் விலகினார்.

எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது வேறு. நடுவர் தேடுவது புரூனோ எவ்வளவு தூரம் ஒரு மாதிரியை ஒத்திருக்கிறான் என்பதை. அந்தம்மா நேசிப்பது எந்த மாதிரியையும் ஒத்திராத ஒருவனை. இரண்டும் ஒரே பூனையின் மேல்தான் நடக்கின்றன, ஒரே ஆள்தான் இரண்டையும் விரும்புகிறார். புரூனோவுக்கு அன்று ரிப்பன் கிடைத்தது. ரிப்பனைக் கூண்டில் மாட்டியதும் அவன் அதை மெல்ல ஆரம்பித்தான்.

அவனுக்கு ரிப்பன் வாங்கித் தந்தது அவன் முகம்: உருண்டை மண்டை, குட்டை மூக்கு, பொம்மை மாதிரி நெற்றி. அந்த முகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

மேலைநாட்டு பர்மியப் பூனைகளின் மூதாய் வோங் மாவ். 1930இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசஃப் தாம்சன் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்த பழுப்பு நிறப் பெட்டை. ஜோடிக்கு அதே இனத்தில் ஆண் இல்லாததால் சயாம் கடுவனோடு சேர்த்தார்கள். ஒரு பெட்டையிலிருந்து ஓர் இனம். ஆரம்பத்திலேயே குறுகிய குடும்பம். 1970களில் அமெரிக்காவில் ஒரு பர்மியக் கடுவன் தோன்றியது. மற்றவற்றைவிட முகம் இன்னும் குட்டை, இன்னும் உருண்டை. நடுவர்களுக்குப் பிடித்துப்போனது. நடுவர்களுக்குப் பிடித்ததால் வளர்ப்பவர்கள் தங்கள் பெட்டைகளை அவனிடம் கொண்டுபோனார்கள். பெண் பூனை ஆயுளுக்கும் ஈன்றாலும் குட்டிகளுக்கு ஒரு வரம்புண்டு. புகழ்பெற்ற கடுவனுக்கு அந்த வரம்பு கிடையாது. கொஞ்ச காலத்தில் மேடைகளில் அந்த முகமே பர்மிய முகம் என்றானது.

அப்புறம் அந்த முகமுள்ள ஆணையும் அந்த முகமுள்ள பெண்ணையும் சேர்த்தபோது சில குட்டிகள் மண்டை மூடாமல், மேல்தாடை இரண்டாகப் பெருகி, மூக்கே உருவாகாமல் பிறந்தன. பல உயிரோடுதான் பிறந்தன. பிழைக்காது என்பதால் கருணைக்கொலை செய்தார்கள். காரணத்தை மரபணு அளவில் கண்டுபிடித்து எழுதியது 2016இல். ஏஎல்எக்ஸ்1 என்ற மரபணுவில் 12 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தப் பிழை வந்தால் முகம் குட்டையாகும். இருவரிடமிருந்தும் வந்தால் அந்தக் கோரம். பிழையுள்ள இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

நான் இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். சாதாரணமாக ஒரு நல்ல குணத்தை இனத்தில் நிலைநிறுத்த வேண்டுமென்றால் அது உள்ளவற்றையே தொடர்ந்து சேர்ப்பார்கள். இந்த முகத்தை அப்படி நிலைநிறுத்தவே முடியாது. அது முழுமையானால் சாவு. மேடையில் ரிப்பன் வாங்குவது ஒரு நோயின் பாதி.

புரூனோவிடம் அந்தப் பாதி இருந்தது அந்தம்மாவுக்குத் தெரியும். சோதனை செய்திருந்தார். அதனால் பிழையில்லாத வம்சத்துப் பெட்டைகளோடு மட்டுமே சேர்ப்பார். அப்படிச் சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் கோரம் வராது. பாதிக் குட்டிகளுக்கு அவன் முகம் வரும். ஒருமுறை வெளியிலிருந்து ஒரு பெட்டை வாங்கினார். “பழைய வம்சம், பிரச்சினை இல்லை” என்று விற்றவர் சொன்னதை நம்பித் தாளைக் கேட்டுப் பார்க்கவில்லை. நாலு குட்டி பிறந்தது. மூன்று நன்றாக இருந்தன.

அன்று ராத்திரி கால்நடை மருத்துவரிடம் அவரை காரில் கூட்டிப்போனது நான்தான். மடியில் ஒரு ஷூ பெட்டி. நான் அதற்குள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததை இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை.

அடுத்த மாதம் புரூனோவை இன்னொரு பெட்டையோடு சேர்த்தார், இந்தமுறை தாளைப் பார்த்துவிட்டு. எனக்கு இது ஒப்பவில்லை, சொன்னேன். நாங்கள் சண்டை போடவில்லை, ஆனால் கொஞ்ச நாள் டீ குடிக்கக் கூப்பிடவில்லை.

அவர் பக்க நியாயம் லேசானது அல்ல. “அவன் குணம் அவனோட முடிஞ்சிடணுமா?” என்று கேட்டார். அப்பாவின் குணம் குட்டிக்கு வருமா என்று நான் சந்தேகப்பட்டேன். வருகிறதுதான். சாண்ட்ரா மெக்கூன் 1995இல் வெளியிட்ட ஆய்வில், தகப்பனைக் கண்ணால்கூடப் பார்க்காத குட்டிகளிலும், சாதுவான தகப்பனுக்குப் பிறந்தவை புதியவற்றைத் துணிந்து அணுகின. ஆக, டீ கோப்பைக் குறும்பின் ஒரு சிறு பங்கு எங்கோ ஒரு வீட்டில் தொடரலாம். அது மெய்யாகவே நல்ல விஷயம். இரண்டாவதாக, அந்தப் பாதிப் பிழை இல்லையென்றால் புரூனோவே இல்லை. பிறந்திருந்தால் அது வேறொரு பூனை. தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் எழுதிய புத்தகத்தில் மனிதர்களை வைத்து இந்தச் சிக்கலைத்தான் பிடித்துக்கொண்டு போராடுகிறார்: இல்லாவிட்டால் பிறந்தேயிருக்காத ஒருவருக்கு, பிறக்க வைத்ததன்மூலம் தீங்கு செய்தோம் என்று எப்படிச் சொல்வது? புரூனோவுக்குத் தீங்கு நடந்ததாக என்னாலும் சொல்ல முடியவில்லை. அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான், கொட்டகை ஒன்றைத் தவிர.

ஆனால் ஷூ பெட்டிக்குள் இருந்தது பார்ஃபிட்டின் சிக்கல் இல்லை. அதன் வாழ்வு முழுக்க ஒரு ராத்திரி வலி. இனி அப்படி நடக்காது என்கிறார் அவர், தாளைப் பார்த்துத்தானே சேர்க்கிறேன் என்கிறார். சரி, அவர் பார்ப்பார். அவரிடம் வாங்கிப்போகும் பாதிக் குட்டிகளோடு அந்த 12 எழுத்துக் குறையும் போகிறது. வாங்குகிறவர், அவரிடம் வாங்குகிறவர் எல்லோரும் என்றென்றைக்கும் தாளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம், அதுவும் மிகக் கவனமான ஒருவருடைய வீட்டிலேயே.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. காயடித்த பூனைகளுக்கும் அமெரிக்கப் போட்டிகளில் தனிப் பிரிவு உண்டு. எனவே காயடித்தால் புரூனோவின் மேடை வாழ்க்கை முடிந்துவிடாது. நாற்றம் குறையும், வீட்டுக்குள் வரலாம், சமையலறை ஜன்னலை உள்ளேயிருந்து பார்க்கலாம். அவன் இழப்பது பெட்டைகளை. அது இழப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வம்சம் தழைக்க வேண்டும் என்ற கவலை பூனைக்குக் கிடையாது. அது நம்முடையது. நாம் நேசிக்கும் ஒருவர் நம் கையைவிட்டுப் போய்விடுவார் என்ற பயத்துக்கு நாம் போட்டுக்கொடுத்த பெயர். அந்தப் பயத்தைத் தீர்க்க அவனைக் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். நேசம் குறைவு என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு நேசம் இல்லையென்றால் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

புரூனோவுக்கு ஏழு வயது முடிந்தபோது ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவர் கைப்பட எழுதிய பதிவேடு. பரம்பரைச் சான்றிதழில் பட்டம் வாங்கியவர்கள் பெயர் சிவப்பு மையில் இருக்கும். செத்த குட்டிகளுக்கு அதில் இடமில்லை. இந்தப் பதிவேட்டில் இருந்தது. நான்காவது குட்டி, பெண், பிறந்த எடை, பிறந்த நேரம், இறந்த நேரம். கீழே அந்த வருஷத்துக்கு அப்புறம் பிறந்த எல்லாக் குட்டிகளும், எது எந்த ஊருக்குப் போனது என்பதும். சிலவற்றுக்கு எதிரே கேள்விக்குறி. “இவங்க போன் எடுக்கிறதில்லை” என்றார்.

“போன வாரம் அவனுக்குப் பண்ணிட்டேன்” என்றார் பிறகு. காயடித்ததைச் சொல்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வயசாகிவிட்டதாலா, வேறு காரணமா, தெரியாது.

புரூனோ சோபாவில் படுத்திருந்தான். எழுந்து வந்து என் செருப்பை முகர்ந்தான். அப்புறம் சமையலறைக்குப் போய் ஜன்னல் திண்டில் ஏறி, பின்னால் காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்து, தொண்டை கட்டிய குரலில் கத்திக்கொண்டிருந்தான். அந்தம்மா பதில் சொன்னார்.