தூங்கியவரின் நாற்காலி

திண்டுக்கல்லில் ஒரு நூலகம். மே மாத மதியம். பெரியவர் ஒருவர் விரித்த பேப்பர் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பணியாளர் மேசையைத் தட்டினார். "ஐயா, இது தூங்குற எடமில்ல. படிக்கிற பசங்க நிக்கிறாங்க பாருங்க." பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெயிலுக்குள் போனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம்.

என் கையில் இருந்தது என் சொந்தப் பாடப்புத்தகம். எனக்கு வேண்டியிருந்தது நாற்காலியும் ஃபேனும்தான். அவருக்கும் அதேதான். யோசித்தால், நூலகத்தின் பேப்பரையாவது அவர் விரித்து வைத்திருந்தார். பிறகு எந்த உரிமையில் நான் உட்கார்ந்தேன்?

'வரிப்பணம்' என்று சொல்லலாம். 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது சொத்து வரியில் 10 சதவீதம். வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார். ஆனால் வீடே இல்லாதவர்? கட்டியவருக்கே உரிமை என்றால், நிழல் அதிகம் தேவைப்படுகிறவருக்குத்தான் முதலில் கதவு சாத்தப்படும். அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

"அப்ப எல்லாரும் வந்து தூங்கலாமா?" என்றான் நண்பன். நியாயமான கேள்வி. ஒற்றை அறை வீட்டிலிருந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வரும் பெண்ணுக்கு அந்த அமைதி மட்டுமே சொந்த அறை. பக்கத்தில் குறட்டை கேட்டால் இழப்பு அவளுக்கு.

ஆனால் இரண்டு தேவைகளை ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்ள விட்டது யார்? கட்டடத்தைத் திட்டமிட்டவர்கள். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது. அந்த விதியின் கீழேயே நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணிவரை திறந்திருக்க வேண்டும், இருக்கைகள் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் பேசினார். நாற்காலி அவருக்குச் சில்லறை விஷயமாக இல்லை. 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு. என்னைப் போன்றவன் வருவான் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

களைப்போடு வருகிறவரையும் அப்படி யோசிக்கலாமே. வாசலை ஒட்டி நாளிதழ்ப் பகுதி, வராந்தாவில் சாய்வு பெஞ்சு, குடிநீர், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை. உள்ளே, தள்ளி, அமைதியான வாசிப்பறை. பெரிய செலவில்லை.

நான் வேலையில் எழுதும் மென்பொருள் எதுவும் லாகின் இல்லாமல் யாரையும் உள்ளே விடாது. நூலக வாசலில் ஒரு நோட்டு மட்டும். பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எதற்கு வந்தீர்கள் என்று அதில் கேட்பதில்லை. அன்று அந்த நோட்டில் அவருடைய கையெழுத்து என்னுடையதற்கு மேலே இருந்திருக்கும்.