அநித்தியமும் ஒலித்தட்டும்



தோன்றியன யாவும் மறையும் என்று ஓயாது உரைக்கின்றோம். அங்ஙனமாயின், பழுதுற்ற ஒலித்தட்டு ஒன்றினின்று பாட்டியின் தாலாட்டை மீட்கப் பொருளையும் பொழுதையும் செலவிடுதல் பற்று ஆகாதா? சித்தூரில் நமது அறவுரை முடிந்தபின் இளைஞர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினார். ஏளனமாக அன்று, அவர் இல்லத்திலேயே அத்தகைய தட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. வளைகுடா நாட்டில் உழைத்து மீண்ட அவர்தம் தந்தையார் பதிவு செய்தவை அவை. தந்தையாரும் இல்லை, தட்டை இயக்கும் கருவியும் இயங்கவில்லை.

முதற்கண் பொருளின் இயல்பை அறிவோம். அவர் வைத்திருப்பது மினிடிஸ்க். சோனி நிறுவனம் 1992ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஏழு சென்டிமீட்டர் சதுர உறைக்குள் சுழலும் சிறு தட்டு. 74 நிமிடமோ 80 நிமிடமோ பதியலாம். லேசர் ஒளி ஓரிடத்தைச் சூடாக்க, காந்தம் அவ்விடத்தில் குறியை இடுகிறது. அக்குறி எளிதில் அழிவதில்லை. ஆனால் அந்நிறுவனம் 2013இல் கருவி செய்வதை நிறுத்தியது; 2025 பிப்ரவரியில் வெற்றுத் தட்டு செய்வதையும் நிறுத்தியது. ஆக, தட்டு நலமாயிருக்கப் படிக்கும் கருவியே மாய்கின்றது. வீட்டுக் கணிப்பொறியில் நாம் பதிந்த சி.டி.யின் கதை இதற்கு நேர்மாறு. அதைப் படிக்கும் கருவி இன்றும் கிடைக்கிறது. தட்டிலுள்ள சாயமே வெயிலாலும் வெப்பத்தாலும் கெடுகின்றது. பெயர் எழுதும் மேற்புறத்தை நாம் பாதுகாப்பான பக்கமென்று எண்ணிக் கல்மேசைமீது கவிழ்த்து வைக்கிறோம். ஒளியைத் திருப்பும் மெல்லிய படலம் அப்பக்கத்தை ஒட்டியே உள்ளது. அங்கு விழும் கீறலே பெருங்கேடு.

மினிடிஸ்க்கினின்று பாடலை வெளிக்கொணர்வதிலும் ஒரு தடை உண்டு. 2001 முதல் வந்த கருவிகள் பலவற்றில் கம்பி வழியே பாடலைக் கணிப்பொறியினின்று உள்ளே அனுப்பலாம்; வீட்டில் பதிந்ததை வெளியே எடுக்க இயலாது. பகர்ப்புத் திருட்டுக்கு அஞ்சிய வணிகர் இட்ட பூட்டு அது. தன் தாயின் குரலையே ஒருவன் திருடிவிடுவான் என்று அஞ்சினர் போலும்! 2006இல் வந்த ஒரு கருவி மட்டும் இத்தகைய வீட்டுப் பதிவுகளை நேரே வெளிவிட்டது. பின்னர் ஆர்வலர் சிலர் ஊதியம் கருதாது எழுதிய மென்பொருளால் பழைய கருவிகள் சிலவும் அவ்வாறு இணங்குகின்றன. இவை இல்லாதார், ஓடும் கருவி ஒன்றை இரவல் பெற்று, காதொலிக் குழாயின் துளையினின்று கணிப்பொறிக்குக் கம்பி இட்டுப் பதியலாம். 74 நிமிடப் பாட்டுக்கு 74 நிமிடம் உடனிருத்தல் வேண்டும்.

நிற்க. இத்தட்டுகளில் உள்ளவை யாவை? புகழ்பெற்ற வித்துவான்களின் பாட்டை வானொலி நிலையங்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் காத்துள்ளன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய எல்லையூர்களில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் கும்மியையும், நடவுப் பாட்டையும், சாவு வீட்டு ஒப்பாரியையும் யார் காத்தனர்? கல்வி மறுக்கப்பட்ட நம் தாயர் ஏட்டில் எழுதவில்லை. அவர்தம் ஏடு குரலே. அக்குரலின் ஒரே படி ஒரு தகரப் பெட்டியில் கிடக்குமாயின், அதைக் குப்பை என்று கூற நமக்கு உரிமை உண்டோ?

வினாவுக்கு வருவோம். அநித்தியத்தை நம்மினும் நன்கு உணர்ந்தோர் பண்டைத் தேரர்கள். பகவான் புத்தரின் அறமொழிகளை நூற்றாண்டுக் கணக்கில் நாவினாலேயே காத்துவந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் இலங்கையை வாட்டியபோது, ஓதுவோர் மாண்டால் ஓத்தும் மாளும் என்று கண்டு, மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் அவற்றை ஓலையில் எழுதினர். அவர்களுக்கு ஓலைமீது பற்றோ? ஓலையும் செல்லரிக்கும் என்று அறிந்தே மீண்டும் மீண்டும் படியெடுத்தனர். படியெடுப்போர் இருந்தமையால் மணிமேகலை பிழைத்தது, 1898இல் உ. வே. சாமிநாதையர் அதனை அச்சேற்றினார். குண்டலகேசியைப் படியெடுப்போர் அருகினர். பிறர் எடுத்துக்காட்டிய சில செய்யுட்களே எஞ்சின. இவ்விழப்பைத் துறவு என்று எவரேனும் போற்றுவரோ?

துறத்தல் என்பது கையிலிருப்பதை அறிந்து விடுதல். கருவி கெட்டதால் கேட்க இயலாமற்போனதை "விட்டுவிட்டேன்" என்பது சோம்பலுக்கு இட்ட காவியுடை. நூற்பாலையில் நாம் பணிபுரிந்த நாளில் இழை அறுந்தால் உடனே ஒட்டுவோம். நூல் என்றும் நிலைக்கும் என்று நம்பியா ஒட்டினோம்? அடுத்த கட்டத்தில் நெய்பவனுக்கு அது வேண்டும், அவ்வளவே.

எனினும் இளைஞரின் ஐயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மறைந்த மனைவியின் குரலை நாள்தோறும் கேட்டு, உணவையும் மக்களையும் மறந்த ஒருவரை நாம் அறிவோம். அவருக்கு அத்தட்டு மருந்தன்று. அவரிடம் ஒரு படியைக் கொடுப்பதினும், அவர் மக்களிடம் கொடுத்துவைப்பது நன்று என்போம். தனக்கென இறுகப் பிடித்தல் வேறு; வருவோர்க்கென வழிவிடுதல் வேறு. ஒரே தட்டு ஒருவர் கையில் விலங்காகவும் மற்றொருவர் கையில் தானமாகவும் ஆகலாம்.

மற்றொன்றும் உண்டு. ஒப்பாரி பாடியவள் தன் துயரம் பதிவாகின்றது என்று அறிந்திருந்தாளோ? அயலார் கேட்க இசைந்திருப்பாளோ? இதனால், மீட்டவை யாவற்றையும் ஊரறியப் பரப்பவேண்டும் என்று நாம் கூறோம். எதைக் காப்பது, எதை அழிப்பது என்பதைக் குடும்பத்தார் கூடி ஆராய்க. ஆனால் ஆராய்வதற்கு முன் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு முன் மீட்டாக வேண்டும். படிக்க இயலாத தட்டைக் குறித்து எவரும் எம்முடிவும் செய்ய இயலாது.

அவ்விளைஞர்க்கு நாம் கூறியது இதுவே: ஓடும் கருவி ஒன்றைக் கோவையிலோ பாலக்காட்டிலோ தேடுக. தட்டின் உறையில் தந்தையார் எழுதிய நாளையும் பெயரையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்க. படி மூன்றாக எடுத்து மூன்று இல்லங்களில் வைக்க. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறந்து கேட்க. பாட்டியுடன் சேர்ந்து பாடிய மூதாட்டி ஒருவர் தத்தமங்கலத்தில் இன்னும் இருக்கின்றார் என்றார் அவர். எனில், முதற் படியை அவ்வம்மையாரிடம் கொண்டுசென்று, இதனைப் பிறர் கேட்கலாமோ என்று வினவுக என்றோம்.