கல்லெழுத்தும் கணினி வேலையும்

விருப்பமான துறையா, சோறு போடும் வேலையா என்ற கேள்வி பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் வாதம்தான் மிஞ்சும். விருப்பத்துக்கு நாள்தோறும் என்ன தேவை, கிடைக்கிற வேலை அதில் எதைக் கொடுக்கும், எதைப் பறிக்கும் என்று கேட்டால்தான் விடை பக்கம் நகர முடியும். கல்வெட்டு வாசிக்கப் பயிலும் ஒரு சீடனும் அவன் குருவும் அந்த வழியில்தான் பேசிச் செல்கிறார்கள். சீடன் பொறியியல் முடித்தவன். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. தலையில் கல்விக்கடன் இருக்கிறது. நாட்டம் முழுவதும் கல்லெழுத்தில்.

சீடன் சுற்றி வளைக்காமல் கேட்டான்: “ஐயா, வேலையில் சேர்ந்தால் கல்வெட்டு கைவிட்டுப் போய்விடும். சேராவிட்டால் வீடு தாங்காது. பிடித்ததை விட்டுவிட்டுச் சம்பாதித்து என்ன பயன்?”

“பிடித்தது எது என்று முதலில் சொல் தம்பி. கல்வெட்டில் எந்த வேலை உனக்குப் பிடிக்கிறது?”

“யாரும் அறியாத ஒரு மன்னன் பெயரை முதன்முதலாக வாசிப்பது.”

“அது வாழ்நாளில் ஒரு முறை வாய்த்தாலே பெரிது. மற்ற நாளெல்லாம் என்ன செய்வாய்?”

மற்ற நாளின் வேலை என்ன என்பது சீடனுக்குத் தெரியும். மைப்படி எடுப்பதற்கு முதலில் கல்லைத் தூரிகையால் தேய்த்துப் பாசியும் சுண்ணாம்பும் போகக் கழுவ வேண்டும். நனைத்த தாளைக் கல்லின் மேல் பரப்பி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டித் தட்டி அமர்த்த வேண்டும். ஈரம் முக்கால்வாசி வாங்கிய பதத்தில் மைப்பொதியால் ஒற்ற வேண்டும். சுற்றிலும் கருமை ஏறி, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். காற்று வீசினால் தாள் கிழிந்து, எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான். இத்தனைக்கும் பிறகு வாசித்தால், பெரும்பாலும் கோயிலில் அணையாத நுந்தா விளக்கு எரிக்க ஒருவர் 90 ஆடு கொடுத்த செய்தியோ ஒரு நிலத்தின் நான்கு எல்லையோதான் இருக்கும்.

“அந்த ஆட்டுக் கணக்கு உனக்குச் சலிக்கிறதா?” என்று குரு கேட்டார்.

“இல்லை ஐயா. ஆடு கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பக்கத்து ஊர்க் கல்வெட்டிலும் அதே பெயர் வருகிறதா என்று தேடுவேன்.”

“அப்படியானால் நாட்டம் உண்மையானது. இனிப் பிழைப்பைப் பற்றிப் பேசலாம்.”

இந்தச் சோதனையைத் தாண்டாமல் மேலே பேசுவதில் பயனில்லை. ஒரு துறையின் புகழை விரும்புகிறவர்கள் பலர். அதன் அன்றாட உழைப்பை விரும்புகிறவர்கள் குறைவு. முன்னவர்கள் பிழைப்பைத் துறந்து வந்தால், கையில் எதுவும் இல்லாமல் திரும்புவார்கள். மேடையை விட்டுவிட்டுச் சாதகத்தைப் பார்த்தால் இசைக்கும் இது பொருந்தும். கோப்பையை விட்டுவிட்டு விடியற்காலைப் பயிற்சியைப் பார்த்தால் விளையாட்டுக்கும் பொருந்தும்.

அடுத்து குரு, சீடனின் துறையிலேயே ஒருவரை எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் 1954ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். தொகுதியைச் சேர்ந்தவர். கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர்கள் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் இருப்பதை அவர் 1965இல் வாசித்துச் சொன்னபோது அரசு அலுவலில் இருந்தார். சங்க நூல்கள் சொல்லும் சேரர் கல்லிலும் நிற்கிறார்கள் என்பது அந்த வாசிப்பால் உறுதியாயிற்று. சிந்துவெளி எழுத்துகளுக்கு அவர் தொகுத்த பெருநூல் 1977இல் வந்தபோதும் பணியில்தான் இருந்தார். இடையில் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. பின்னர் விருப்ப ஓய்வு பெற்றார். 1987 முதல் 1991 வரை தினமணி நாளிதழின் ஆசிரியராக இருந்தார். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 2003இல்தான் வெளிவந்தது. புகளூர் வாசிப்புக்கும் அதற்கும் இடையே 38 ஆண்டுகள்.

“அவர் அதிகாரி. காரும் ஆளும் இருந்திருக்கும். எனக்கு என்ன இருக்கிறது?” என்றான் சீடன்.

“காரைப் பார்க்காதே, ஆண்டுகளைப் பார். ஒரு நூலுக்கு 38 ஆண்டு காத்திருக்க அவரால் முடிந்தது. அடுத்த மாத வாடகைக்கு அந்த நூலை அவர் நம்பியிருக்கவில்லை. அவசரமாக வாசித்து அவசரமாக வெளியிடும் நெருக்கடி இல்லை. ஐயம் இருந்தால் மறுபடி மலையேறிப் பார்க்கலாம். சம்பளம் அவருக்கு வாங்கித் தந்தது அதைத்தான்.”

“அப்படியென்றால் நாட்டத்தையே தொழிலாக்கிக்கொள்வது தவறா?”

“தவறில்லை. வாய்த்தால் நல்லது. ஆனால் வாய்த்தவர்களுக்கும் நாள் இரண்டாகத்தான் பிரிந்தது.”

இங்கே குரு, பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கைக்கு வந்தார். சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். மாதம் 50 ரூபாய் சம்பளம். தமிழே நாட்டம், தமிழே தொழில். அப்படியிருந்தும் பகலெல்லாம் வகுப்புக்குப் போயிற்று. ஏடுகளை ஒப்புநோக்கியதும் அச்சுப்படி திருத்தியதும் மிச்சமிருந்த நேரத்தில்தான். அச்சிடும் செலவுக்குப் பணம் தர முன்வரும் கையொப்பக்காரர்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. ஆனால் அந்த நூல் பக்கம் அவரைத் திருப்பியவர் சேலம் இராமசுவாமி முதலியார். முதலியார் முன்சீபாகக் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த இடத்தில், கல்லூரித் தமிழாசிரியர் என்ற முறையில் சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். வேலை சாமிநாதையரை அந்த ஊரில் நிறுத்தியிராவிட்டால் அந்தச் சந்திப்புக்கு வழி இருந்திராது.

கணித மேதை இராமானுசன் கதையிலும் வேலைதான் உதவும் மனிதர்களிடம் கொண்டு சேர்த்தது. கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் கல்லூரி உதவித்தொகை போயிற்று, படிப்பும் நின்றது. தாள் வாங்கக் காசு போதாமல் சிலேட்டில் கணக்கெழுதி முழங்கையால் அழித்த காலம் அது. இராமச்சந்திர ராவ் என்ற அதிகாரி மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். பிறர் பணத்தில் நெடுநாள் இருக்க இராமானுசனுக்கு மனம் வரவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913 ஜனவரி 16ஆம் தேதி இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது தம்மைத் துறைமுக எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. எழுத்தர் வேலையை அதன் பிறகே விட்டார்.

ஆகவே வேலை என்றால் சம்பளம் மட்டும் என்று நினைப்பது பாதிக் கணக்கு. அது ஒருவனை ஓர் ஊரில் இருத்துகிறது. சில மனிதர்களின் அருகில் உட்கார வைக்கிறது. சில மணி நேரங்களை எடுத்துக்கொண்டு சிலவற்றை விட்டுவைக்கிறது. சம்பளத்தைப் போலவே இவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சீடன் இதை எளிதில் ஏற்கவில்லை. “பெயர் தெரிந்தவர்களையே சொல்கிறீர்கள் ஐயா. 30 ரூபாய் எழுத்தராகவே முடிந்துபோனவர்கள் எத்தனை பேர்?”

நியாயமான கேள்வி. குருவும் அதை மழுப்பவில்லை. “அதற்குக் கணக்கே இல்லை. இப்படிச் செய்தால் வெல்லலாம் என்பதற்கு இவர்கள் சான்று ஆகமாட்டார்கள். வேலையும் நாட்டமும் ஒன்றையொன்று எப்படித் தாங்கின என்று காட்டத்தான் சொன்னேன். வெற்றி வராது என்றே வைத்துக்கொள். இருபது ஆண்டில் உன் வட்டாரத்தில் பத்துக் கல்வெட்டைப் பிழையில்லாமல் படித்துப் பதிப்பித்தாய், வெளியே யாருக்கும் உன் பெயர் தெரியாது. போதுமா?”

சீடன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “போதும்” என்றான்.

“அந்தப் பத்தும் நாளைக்குச் சாலை போடும்போது உடைந்து போகக்கூடிய கற்கள். நீ படித்துவைத்தது நிற்கும். அதற்காக நீ பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உன் அம்மா கடனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை.”

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லா வேலையும் இடம் விடாது. இரவு பகல் மாறி மாறி வரும் முறைவேலை, ஞாயிற்றுக்கிழமையும் அழைக்கும் தொலைபேசி, களைத்துப் படுத்தால் எழவிடாத அசதி, இவையெல்லாம் சேர்ந்தால் நாட்டம் ஓசையில்லாமல் தேய்ந்துவிடும். “கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பிறகு திரும்பலாம்” என்று போனவர்களுக்கு வீட்டுக்கடனும் வண்டிக்கடனும் வந்து, திரும்பும் வழி குறுகிவிடுகிறது. எனவே குரு இரண்டு காவல்களைச் சொன்னார். இருக்கிற கடன் அடையும்வரை புதிய கடன் வாங்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது கல்லுக்கும் மைப்படிக்கும் எழுதிவைத்துவிட வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து அந்த நாள் தவறிப்போனால் வேலையை மாற்ற வேண்டும், நாட்டத்தை மாற்றக் கூடாது.

“இரண்டு இடம் தருகிறார்கள் ஐயா. ஐதராபாத்தில் சம்பளம் கூடுதல். சென்னையில் குறைவு, அலுவலகம் தரமணிப் பக்கம்.”

“தரமணியில்தான் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. மகாதேவன் தொடங்கிவைத்த சிந்துவெளி ஆய்வு மையமும் அங்கேதான். சனிக்கிழமை உனக்குப் படிக்க நூலும், பேச ஆளும் கிடைக்கும். கல்வெட்டுகள் உள்ள காஞ்சிபுரமும் உத்தரமேரூரும் ஒரு நாளில் போய்வரும் தூரம். ஐதராபாத்துச் சம்பளம் எவ்வளவு கூடுதல்?”

சீடன் தொகையைச் சொன்னான். இருவரும் கடன் தவணையைத் தாளில் எழுதிப் பார்த்தார்கள். ஐதராபாத்துக்குப் போனால் கடன் மூன்று ஆண்டில் அடையும். சென்னையில் இருந்தால் நான்கே கால் ஆண்டு ஆகும்.

“பதினைந்து மாதம் கூடுதல்” என்றான் சீடன். “அம்மா ஒப்புக்கொள்ள வேண்டும்.”

“அம்மாவிடம் கல்வெட்டைப் பற்றிப் பேசித் தொடங்காதே. இந்தத் தாளைக் காட்டு. மாதம் எவ்வளவு வீட்டுக்கு வரும், கடன் எந்த மாதம் முடியும் என்று சொல். பதினைந்து மாதம் எதற்காக என்று அவர் கேட்கும்போது மற்றதைச் சொல்.”