தெருவில் நிற்பவனின் தர்மம்

மனிதன் செய்யும் குற்றங்களைப் பட்டியலிட்ட நம் தர்ம சாஸ்திரகாரர்கள், கொலை, களவு, கள், பொய் என்னும் பெரியவற்றில் தொடங்கி, உண்ணும் முறையிலும் உறங்கும் வேளையிலும் நேரும் சிறு பிசகுகள் வரையில் நுணுகி ஆராய்ந்து, அவற்றுக்கெல்லாம் பிராயச்சித்தமும் விதித்து வைத்திருக்கிறார்கள். ஆயினும், அயலான் வீட்டு வாயிலை அடைத்துத் தன் காரை நிறுத்திவிட்டு, நிம்மதியான மனத்தோடு கோயிலுக்குள் சென்று, கற்பூர ஜோதியைக் கண்களில் ஒற்றிக்கொள்ளும் பக்தனுக்கு அவர்கள் ஒரு வழியும் சொல்லவில்லை. கார் இல்லாத காலத்தவர்கள் ஆதலால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

இப்பக்தன் கற்பனைப் பாத்திரமல்லன் என்பதை, மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அவற்றிலிருந்து பிரிந்து செல்லும் குறுந்தெருக்களிலும் குடியிருப்போர் பிரதோஷ மாலைதோறும் அறிகிறார்கள். அவன் கெட்டவனும் அல்லன். கடைக்காரர் கணக்குத் தவறிக் கூடுதலாகக் கொடுத்த பத்து ரூபாயைத் திரும்ப நடந்து சென்று கொடுத்துவிட்டு வரக்கூடியவன். பிறர் பொருளைக் கனவிலும் தீண்டாதவன். அத்தகையவன் ஒரு கார் நிற்குமளவு தெருவை, அதே தெருவில் ஒரு குடும்பம் வாடகை கொடுத்து வாழ்கின்ற அறையின் அளவுள்ள இடத்தை, யாரையும் கேளாமல் எடுத்துக்கொள்ளும்போது அவனுடைய மனச்சாட்சி சிறிதும் அசைவதில்லை. அவன் செய்தது விதிமீறல் மாத்திரந்தானா, அல்லது சமயவாதிகள் பாவம் என்று அழைக்கும் வகையைச் சேர்ந்த ஒன்றா என்பது, அற்பமாகத் தோன்றினாலும், அற்பமான கேள்வியல்ல.

விதிமீறல் என்பதில் ஐயமில்லை. மத்திய சர்க்கார் 1989-ஆம் ஆண்டில் வகுத்த சாலை விதிகளில் 15-ஆவது, சந்திப்புகளுக்கும் வளைவுகளுக்கும் அருகிலும், நடைபாதையின் மேலும், பஸ் நிற்குமிடத்தின் பக்கத்திலும், பள்ளி, ஆஸ்பத்திரி ஆகியவற்றின் வாயிலிலும், பிறர் மனையின் நுழைவாயிலை மறித்தும், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையாகவும் வண்டியை நிறுத்தலாகாது என்று கூறிற்று. 2017-இல் அதற்குப் பதிலாக வேறு ஒழுங்குவிதிகள் வந்தன என்றாலும் சாரம் அதுவே. அந்த விதியை எழுதியவர், நம் தெரு ஒன்றில் காலையில் இறங்கி நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் கூடாது, கூடாது என்று குறித்துக்கொண்டு போயிருக்க வேண்டுமென்று நினைக்கத் தோன்றும்.

இவ்விதிகளுக்கெல்லாம் அடியில் ஒரு தத்துவம் இருக்கிறது. தெரு என்பது செல்வதற்கு உரியது. நிற்பது என்பது அங்கே ஒரு சலுகை. லண்டனில், சேரிங் கிராஸ் என்னும் இடத்தில், பிரயாணிகளை ஏற்றும் பொருட்டுக் குதிரைக் கோச்சு வண்டிகளை நெடுநேரம் தெருவிலேயே நிறுத்தி வைத்த ஒருவர்மீது 1812-இல் நடந்த வழக்கில், எல்லன்பரோ பிரபு, அரசனுடைய பாட்டையை எவரும் தம் குதிரை லாயமாக்கிக்கொள்ளுதல் இயலாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். மோட்டார் கார் தெருவுக்கு வராத காலத்தில் வந்த அத்தீர்ப்பில் நம்முடைய வழக்கு முழுவதும் அடங்கிவிட்டது. அவருக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முற்பட்ட கௌடிலியரோ, தெருவில் குப்பை எறிந்தவனுக்கு அரைக்கால் பணமும், சேறும் நீரும் தேங்கும்படி வழியை மறித்தவனுக்குக் கால் பணமும் அபராதம் விதித்து, அதுவே ராஜவீதியில் நிகழுமானால் இரட்டிப்பாக்குகிறார். மறிக்கப்பட்டது எது, எத்தனை பேருக்குரியது என்பதைக்கொண்டு குற்றத்தை எடை போட்ட அந்தக் கணக்கு நேர்த்தியானது.

ஆனால் தண்டனைக்கு அஞ்சித் திருந்தும் மனிதனைப் பற்றித் தத்துவத்துக்கு அவ்வளவு அக்கறை இல்லை. உள்ளிருந்து வரும் நோய் எது என்பதே அதன் விசாரணை. யான், எனது என்னும் இரண்டையும் நம் ஞானிகள் சேர்த்தே கண்டித்தார்கள். இவற்றுள் அகங்காரம் சில சமயம் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும். மமகாரமோ வாசற்படியைத் தாண்டி இறங்கித் தெருவில் படுத்துக்கொள்ளும். 'என் வீட்டு வாசல்' என்று நாம் சொல்லும் இடம் பத்திரத்தில் இல்லை. அது நகராட்சிக்கு, அதாவது எல்லோருக்கும், உரியது. இருந்தும் அங்கே பிறர் ஒருவர் வண்டியை நிறுத்தினால், பரம்பரைச் சொத்தை அபகரித்தாற்போல் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆகவே, சிமெண்ட் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் நட்ட இரும்புக் குழாய்கள், மணல் மூட்டைகள், கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், செடி பட்டுப்போன பூந்தொட்டிகள் ஆகியவை எல்லைக் கற்களாக எழுகின்றன. மீறினால் டயரில் காற்று பிடுங்கப்படும் என்று அறிவிக்கும் பலகைகள் கேட்டில் தொங்குகின்றன. வாயிலை மறித்தவன் குற்றவாளி என்பது உண்மை. ஆனால் வாயிலுக்கு இருபுறமும் உள்ள தெருவைக் கல் வைத்துக் காப்பவனும் அதே மமகாரத்தின் மறு பக்கமே அல்லவா? வீட்டுக்காரன் தானாக மாட்டிய பலகைக்குச் சட்டத்தில் வலிமை கிடையாது. வழிவிடும்படி கேட்கும் உரிமையே அவனுக்கு உண்டு; இடம் அவனுடையதன்று.

முன்னாளில் இந்த வியாபாரம் எதிர்த்திசையில் நடந்தது. தன் மனையில் ஒரு பகுதியை வெட்டித் தெருவுக்குக் கொடுத்தவன் திண்ணை கட்டினான். முகம் தெரியாத வழிப்போக்கன் அங்கே மூட்டையை இறக்கி, இரவு படுத்து, விடியலில் எழுந்து போனான். இன்று திண்ணை போய், காரை ஏற்றுவதற்குச் சாய்வாகக் கட்டிய சிமெண்ட் மேடு கழிவுநீர்க் கால்வாயையும் நடைபாதையையும் தாண்டித் தெருவுக்குள் நாக்கை நீட்டுகிறது. கோலம் மட்டும் இன்னமும் இருக்கிறது. வாசலில் கோலமிடுகின்ற பெண்ணும் தன்னுடையதல்லாத தெருவில் நாள்தோறும் ஓர் இடத்தைப் பிடிக்கிறாள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் மிதிப்பவர் மிதிக்கலாம், அரிசி மாவை எறும்பு தின்னலாம், நண்பகலுக்குள் அது அழிந்துவிட்டால் அவள் யாரோடும் வழக்காடுவதில்லை. ஒரே நிலத்தில் காலையில் கோலமும் இரவில் உறை போர்த்திய காரும் அமர்கின்றன. பிடிப்பதில் இத்தனை பேதம் இருக்கக்கூடும் என்பதை ஒரு வேதாந்த நூலைக் காட்டிலும் அது தெளிவாகக் காட்டுகிறது. இஸ்திரி வண்டிக்காரரும் காய்கறித் தள்ளுவண்டிக்காரரும் தெருவை அடைக்கவில்லையா என்று கேட்பார்கள். அடைக்கிறார்கள், ஆயினும் அவர்கள் அங்கே நிற்பது தெருவில் வருகின்றவரை நாடி. வயிற்றுக்காக நிற்பவரை 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உறை போர்த்திய கார் எவரையும் நாடி நிற்பதில்லை.

மனச்சாட்சி ஏன் உறுத்துவதில்லை என்ற கேள்விக்கு இப்போது வரலாம். பத்து ரூபாயை இழப்பவருக்கு ஒரு முகம் உண்டு. தெருவை இழப்பவர்களுக்கு முகமில்லை. நடைபாதையில் கார் நிற்பதால் தெரு நடுவே இறங்கி நடக்கும் கிழவி, கோலால் தடவி வந்து திடீரென்று இரும்பில் முட்டிக்கொள்ளும் பார்வையற்றவர், முனையில் திரும்ப இயலாமல் சைரன் ஒலித்துக்கொண்டே நிற்கும் ஆம்புலன்ஸ், இவர்களில் எவரும், வண்டியைப் பூட்டிவிட்டுப் போனவன் திரும்பி வரும்போது அங்கே இருப்பதில்லை. அவன் கண்ணுக்குத் தெரிவது காலி இடம் ஒன்றே. ஜெர்மானிய தத்துவஞானி காண்ட், நீ செய்வதை எல்லோரும் செய்தால் என்னாகும் என்று பார்த்துச் செய் என்ற கருத்தில் ஒரு சோதனை வகுத்தார். நம் தெருவில் எல்லோரும் செய்தே காட்டிவிட்டார்கள், அதனாலும் பயனில்லை. ஏனெனில் வண்டி நிறுத்துகின்றவனிடம் காண்டுக்குத் தெரியாத ஒரு சமாதானம் இருக்கிறது: "ரெண்டே நிமிஷம் சார்." காலத்தைச் சுருக்கிவிட்டால் குற்றமும் சுருங்கிவிடும் என்னும் இந்த நம்பிக்கை, யுகங்களையும் கல்பங்களையும் அநாயாசமாக எண்ணிப் பழகிய நம்மவர்க்கு எங்கிருந்து வந்ததோ!

பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுதல் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் அருளியதாக முஸ்லிம்கள் போற்றும் ஹதீஸ் கூறுகிறது. அக்கிளைகளுள் அதுவே கடைநிலை என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. கடைசிதான்; ஆனால் மரத்தைச் சேர்ந்தது. இறைநம்பிக்கைக்கும் தெருவில் கிடக்கும் முள்ளுக்கும் சம்பந்தம் உண்டு என்று இவ்வளவு வெளிப்படையாக உரைத்த உபதேசம் உலகில் அதிகமில்லை.

நம் சம்பிரதாயத்தில் இது உபதேசமாக வராமல் கதையாக வந்தது. கோயிலில் தெய்வங்களின் வாகனங்களுக்கு வாகன மண்டபம் உண்டு. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரேறி நான்கு மாட வீதிகளையும் தமதாக்கிக்கொண்டாலும், தேர் நிலைக்குத் திரும்பியவுடன் வீதி மறுபடி ஜனங்களுடையதாகிவிடுகிறது. சுவாமிக்கு எதிரே ஆண்டு முழுவதும் நிற்க அதிகாரம் பெற்ற வாகனம் ஒன்றே, அது நந்தி. அந்த நந்தியைத்தான் திருப்புங்கூரில் விலகச் சொன்னார்கள்.

சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாறு யாவரும் அறிந்தது. ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், கோயிலுக்குள் செல்லக் கூடாதவர், திருப்புங்கூர்ச் சிவலோகநாதரை வெளியே நின்றபடியேனும் கண்டு கும்பிட விரும்பி வந்தார். சந்நிதியை நந்தி மறைத்தது. இறைவன் அருளால் நந்தி விலகியது. இன்றும் அக்கோயிலில் நந்தி நேர்கோட்டை விட்டு ஒதுங்கியே இருக்கிறது. இதைப் பக்தியின் மகிமைக்குச் சான்றாகவே சொல்லி வருகிறோம். ஆனால் நந்தியின் பக்கம் நின்று ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும். அது நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கவில்லை. ஆகமம் வகுத்த இடத்தில், இம்மி பிசகாமல், யுகயுகமாக நின்றது. அதனிடம் ஒரு போலீஸ்காரர் சீட்டு எழுதிக் கொடுக்க முடியாது. இருந்தும், தன் முதுகுக்குப் பின்னால் வெகுதூரத்தில், தான் ஒருபோதும் திரும்பிப் பார்த்திராத ஒருவன் நிற்கிறான் என்பதற்காக அது நகர வேண்டியிருந்தது. உரிய இடத்தில் நிற்பவனுக்கும் விலகும் கடமை உண்டு என்பது எந்த மோட்டார் சட்டத்திலும் இல்லாத தர்மம். இவ்விடத்தில்தான் விதிமீறலும் பாவமும் பிரிகின்றன என்பது என் அபிப்பிராயம்: எங்கே நிற்கலாம் என்று விதி சொல்கிறது, நின்ற பிறகு யாரை மறைக்கிறோம் என்று பாராமல் இருப்பதே பாவம். அப்படியானால், நம் பக்தனுடைய கார், கோடு போட்ட இடத்துக்குள் முறையாக நின்றிருந்தாலும் கணக்கு முடிந்துவிடாது. அவனோ பிரதோஷ வேளையில் அந்த நந்திக்குத்தான் பால் குடத்தைக் கொடுத்துவிட்டுக் காதில் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நந்தி விலகியதோடு நாம் திருப்தி அடைந்துவிட்டோம் என்பதையும் மறைக்கக் கூடாது. நந்தி விலகிற்று; கதவு திறக்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காந்தியவாதியான வைத்தியநாதய்யர் ஹரிஜன அன்பர்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-இல். சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். அருளை நம்பியிருந்த நூற்றாண்டுகளில் ஆகாதது சட்டத்தால் ஆயிற்று. ஆதலால், மனம் திருந்தினால் போதும், விதி எதற்கு என்று பேசும் பெரியோர்களோடு எனக்குச் சம்மதமில்லை. ஜப்பானியர், 1962-இல் செய்த சட்டத்தின்படி, கார் வாங்க விரும்புகிறவன் தன் வீட்டுக்கு அருகே, இப்போதைய அளவின்படி 2 கிலோமீட்டருக்குள், அதை நிறுத்த இடம் இருப்பதாகப் போலீஸாரிடம் சான்று பெற வேண்டுமென்று வைத்தார்கள். அபரிக்கிரகம் என்று நம் யோக நூல்களும் ஜைன முனிவர்களும் விரதமாகப் போதித்ததை, இடமில்லாமல் பொருளைச் சேர்க்காதே என்று நிர்வாகக் குறிப்பாக்கியது போன்றது அது. நம் நகரங்களில் காருக்குக் கடன் கொடுப்பவர் சம்பளத்தைக் கேட்கிறார். இடத்தைக் கேட்பார் அரியர்.

கோபங்கொண்டு டயரில் காற்றைப் பிடுங்குகிறவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகர வேண்டும் என்று நாம் விரும்பும் வண்டியை நகர முடியாதபடி செய்வது, கோபம் எப்படி யோசிக்கும் என்பதற்குத் தக்க உதாரணம்.

இப்போது சிலர், காரின் முன்கண்ணாடிக்குள் ஓர் அட்டையில் தம் தொலைபேசி எண்ணை எழுதி, இடையூறாயிருந்தால் அழைக்கவும் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் கண்டவற்றுள் நந்தியின் தர்மத்துக்கு மிக அருகில் வருவது இதுவே. மறைக்க நேரலாம், சொன்னால் விலகுவேன் என்னும் ஒப்புதல் அதில் இருக்கிறது. இரவு அழைத்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கி வருபவர்கள் உண்டு. எண் மட்டும் இருந்து பயனில்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. மார்கழி மாதத்தில், மயிலாப்பூர் சபா ஒன்றில், நந்தியை விலகச் சொல்லிக் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய பூர்விகல்யாணிக் கீர்த்தனையைப் பாடகர் உருக்கமாக விஸ்தரித்துக்கொண்டிருக்க, மூன்றாம் வரிசையில் கண்மூடித் தாளம் போடும் ரசிகருடைய சட்டைப் பையில் தொலைபேசி சத்தம் அடக்கப்பட்டுக் கிடக்கும். அடுத்த தெருவில், தம் கேட்டை மறித்து நிற்கும் காரின் முன் ஒருவர் அந்த எண்ணை மறுபடியும் அழுத்திக்கொண்டிருப்பார்.