வேலியும் அறமும்

வேலி காவலா, விலக்கா என்னும் வினா மிகப் பழையது. தெலங்கானாவிலுள்ள உட்னூரில் 1957 இல் றேமண்ட் அல்ச்சின் நடத்திய அகழாய்வு, புதிய கற்காலத்தார் ஆனிரைக்காக மரக்கம்பங்களை நட்டு அமைத்த பட்டியை வெளிப்படுத்தியது. அதனுள் குவிந்த சாணம் மீண்டும் மீண்டும் எரிந்து சாம்பல் மேடாயிற்று. மாடுகளின் குளம்படிகளும் அம்மண்ணிற் பதிந்து கிடந்தன. 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வேலியை எவர் குறைகூறுவர்? உயிர்வாழ்வுக்கு ஆதாரமான செல்வம் அகத்தே. அதனைக் கவர வருவன எல்லாம் புறத்தே. தொல்காப்பியர் புறத்திணையை நிரைகவரும் வெட்சியிலே தொடங்கியமை ஈண்டு எண்ணத்தக்கது. மதிலை வளைக்கும் உழிஞை அதற்குப் பின்னரே வருகின்றது. கவர்வோன் இருந்தமையாற் காப்போன் வேலியிட்டான் எனலாம். ஆயின், கவர்ந்து வந்த நிரையும் ஒரு பட்டிக்குள்ளேதான் அடைக்கப்பட்டிருக்கும் அன்றோ! ஆகவே வேலியை மட்டும் நோக்கி அதன் நியாயத்தை அறிதல் இயலாது. உள்ளே அடைபட்டது யாருடையது, வாயிலைத் திறக்கும் உரிமை யாருக்குண்டு என்பவற்றையும் கேட்டல் வேண்டும்.

தெல்லிப்பழையின் செம்மண் தோட்டங்களுக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர, பலாலியைச் சூழ்ந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. மண் அணையும் முட்கம்பியும் எழுந்தன. பாதுகாப்பு என்னும் பெயர் அதற்கும் உண்டு. உட்னூர்ப் பட்டியினுள் உடையவனின் மாடு நின்றது; இங்கோ உடையவனே வெளியில் நின்றான். 2009 க்குப் பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட காணிகளில், எல்லை அழிந்துபோகப் பலர் கிணற்றைக் கொண்டே தம் நிலத்தை அடையாளங் கண்டனர்.

எனினும் முறையீட்டோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. அதே அயலில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968 இல் உட்செல்லும் உரிமை கேட்டோர் வாயிலிலே தடுக்கப்பட்டனர். அவ்வேலிக்கு மண்ணும் கம்பியும் வேண்டியிருக்கவில்லை. தடுத்தோரும் தாம் ஒன்றைக் காப்பதாகவே எண்ணினர். பிறனது இழிவில் நிலைபெறும் ஒன்றைக் காத்தல் எவ்வாறு காவலாகும்?

யாழ்ப்பாணத்துக் கிளுவை வேலியில் ஒரு வழக்கம் உண்டு. ஓலையால் எவ்வளவு நெருக்கி அடைத்தாலும், அயல்வீட்டோடு உறவுள்ளவரை ஒரு பொட்டு விடப்படும். அதன் வழியே கறியும் செய்தியும் பிள்ளைகளும் போய்வருவர். பிணக்கு வந்தால் முதலில் அடைபடுவதும் அதுவே. கதிகாலை ஓரங்குலம் நகர்த்தியதற்காக நீதிமன்றம் ஏறிய இரு வீட்டார், ஒரு மரணம் நேர்ந்த அன்று ஒருவரையொருவர் கேளாமலே அந்தப் பொட்டைப் பிரித்துவிடுவதும் உண்டு.