கிளீனர் இல்லாத லாரி

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிப் பட்டறை வாசல்களிலோ, லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் பெஞ்சுகளிலோ சற்று நேரம் உட்கார்ந்திருப்பவர் காதில் தவறாமல் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தொழிலில் சிரத்தை இல்லை, ராத்திரி ஓட்டச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், ஒரு டிரிப் போய்வந்தால் பத்து நாள் வீட்டில் படுத்துக்கொள்கிறார்கள், முதலாளி ஒரு சொல் கடிந்து சொன்னால் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடக்கிறார்கள் என்பதே அதன் சாரம். சொல்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய பழைய டிரைவர்கள். அவர்களில் பலர் இன்று ஓரிரு வண்டிகளுக்குச் சொந்தக்காரர்கள். லாரிக்காரர்கள் நிறைந்த தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு புதிதன்று. ஆனால் ஒரு சந்ததி முழுவதும் ஒரே சமயத்தில் குணம் கெட்டுப்போகும் என்பதை என் மனம் ஒப்பாததால், இந்த வேற்றுமையின் காரணம் மனிதரின் சுபாவத்தில் இருக்கிறதா, அவர்கள் செய்யும் தொழிலின் அமைப்பில் இருக்கிறதா என்று நெடுநாளாகச் சிந்தித்து வந்திருக்கிறேன்.

பழைய டிரைவர் உருவான விதத்தை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்புக்குள்ளேயே விட்டுவிட்ட பையன், உறவுக்காரர் ஒருவர் கைப்பிடித்து அழைத்துப்போய்ச் சேர்த்துவிட, லாரியில் கிளீனராக ஏறுவான். வண்டியைக் கழுவுவதும், கண்ணாடி துடைப்பதும், கிரீஸ் அடிப்பதும், வண்டி நின்ற இடந்தோறும் குதித்திறங்கி இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே காற்றுக் குறைந்திருக்கிறதா என்று அறிவதும், இருட்டில் பின்னால் நின்று ‘வரலாம், வரலாம்’ என்று குரல் கொடுத்து வண்டியைப் பின்வாங்கச் செய்வதும், சரக்கின்மேல் தார்ப்பாய் விரித்து, எந்த மழைக்கும் எந்த வளைவுக்கும் நெகிழாதபடி கயிறு இழுத்துக் கட்டுவதும் அவன் வேலைகள். சிமெண்டு மூட்டையை அடுக்குகிற விதம் வேறு, முட்டைத் தட்டை அடுக்குகிற விதம் வேறு, கண்ணாடியை ஏற்றினால் பள்ளத்தில் வண்டியை இறக்குகிற விதமும் வேறு என்பதையெல்லாம் யாரும் அவனுக்குப் பாடமாகச் சொன்னதில்லை; டிரைவரின் வசவுகளுக்கு நடுவே அவனாகக் கற்றுக்கொண்டான். லோடு இறக்கிய காலி வண்டியில், ஆள் நடமாட்டமற்ற சாலையில், டிரைவர் மனமிரங்கி ஸ்டியரிங்கை அவன் கையில் கொடுக்கும் நாள் வருவதற்குள் வருஷங்கள் ஓடியிருக்கும். அந்த நாளுக்குப் பிறகு வண்டி அவனுக்கு உடம்பின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடும்.

என் தாய்மாமன் அவ்வாறு ஏறியவர்தாம். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் சேர்வராயன் மலை வளைவுகளையும் வடநாட்டு நெடுஞ்சாலைகளையும் ஓட்டிப் பழகிய அவர், எஞ்சினில் வழக்கத்துக்கு மாறாக ஒரு சிறு சப்தம் கேட்டால், எதிரே நூறு வண்டிகள் வந்தாலும் ஓரங்கட்டி இறங்கிப் பார்க்காமல் நகரமாட்டார். பெற்ற பிள்ளைகளின் சீர்களில் பாதிக்குமேல் அவர் ஊரில் இருந்ததில்லை. மழையில் சரக்கு நனைந்துவிட்டது என்ற பேச்சைத் தம் வாழ்நாளில் கேட்டதில்லை என்பதை இன்றும் பெருமிதத்தோடு சொல்லுகிறார். அந்தப் பெருமிதம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு சிரத்தையோடு தம் தொழிலைச் செய்த மனிதர்களைப் படிப்பாளிகளிடையே நான் அதிகமாகக் கண்டதில்லை.

ஆயினும் அந்தச் சிரத்தை வெறும் குணத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று. இந்த வட்டாரத்தில் லாரித் தொழிலை வளர்த்தவர்களில் கணிசமானோர் கிளீனராகவும் டிரைவராகவும் இருந்து முதலாளிகளானவர்கள் என்பது ஊரறிந்த வரலாறு. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒருவரிடம் ஒழுங்காக ஓட்டியவனுக்கு, முதலாளியே முன்னின்று பைனான்ஸ்காரரிடம் ஜாமீன் சொல்லுவார். சீட்டுப் பணமும் மனைவியின் நகையும் முன்பணமாகும். பழைய வண்டி ஒன்று கைக்கு வரும். தவணை கட்டி முடிந்த அன்று அவனும் முதலாளி. ஆக, அவன் தன் முதலாளியின் வண்டியைக் காத்தபோது, தன் பெயரையும் சேர்த்தே காத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெயரே அவன் மூலதனம். சொந்தக் காட்டில் ஏர் ஓட்டுகிறவன் காலில் தட்டுப்படும் கல்லைப் பொறுக்கி வரப்பில் போடுவான். ஒரு போகத்துக்கு மட்டும் வாரத்துக்கு எடுத்தவன் கல்லைச் சுற்றி உழுதுகொண்டு போவான். இருவரில் ஒருவன் நல்லவன், ஒருவன் சோம்பேறி என்று உழவு தெரிந்த யாரும் சொல்லமாட்டார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் அமர்ந்து பழைய காலத்தைப் பேசுகிறவர்கள் கரையேறியவர்கள். அதே கஷ்டங்களைப் பட்டும் கரையேறாதவர்கள், முதுகெலும்பு தேய்ந்து, சர்க்கரை வியாதி கண்டு, சேமநிதியென்று ஒரு காசும் இல்லாமல் வீட்டுக் கட்டிலில் கிடப்பவர்கள், அந்தப் பெஞ்சுக்கு வருவதில்லை. அவர்களுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்பதுமில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் அவர்களைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தார்கள்.

என் மாமனின் மகன் வயிற்றுப் பேரன் லாரியில் சில காலம் ஓடிவிட்டு, இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் சைக்கிளில் ஹோட்டல் சாப்பாடு டெலிவரி செய்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தவனிடம், “ரெண்டு வருசங்கூட ஒரு வண்டியில நிக்க முடியலையா கண்ணு?” என்று மாமன் கேட்டார். கேட்ட குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம். “நீங்க நின்னீங்க அப்பாரு, வண்டி வாங்குனீங்க. நானு இருவது வருசம் நின்னாலும் டிரைவராத்தானுங்க நிக்கோணும்” என்றான் பையன். மரியாதை குறையாமல்தான் சொன்னான். மாமன் அதற்கு விடை சொல்லவில்லை.

அந்த விடையை நான் தேடிப் பார்த்தேன். இன்று ஒரு புதிய கனரக லாரியின் விலை பல பத்து லட்சம் ரூபாய். டீசல், சுங்கச் சாவடி, இன்சூரன்ஸ், டயர் இவற்றுக்குப் போக, ஒரே வண்டி வைத்திருப்பவர் தவணை கட்டவே திணறுகிறார். பெரிய கம்பெனிகளின் லோடு பெரிய வாகனக் கூட்டம் வைத்திருப்பவர்களிடம்தான் போகிறது. செலவைக் குறைக்க எண்ணிய முதலாளிகள் முதலில் கைவைத்தது கிளீனரின் மேல். ரோடு நன்றாக இருக்கிறது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு மாநில எல்லை வரிச் செக்போஸ்டுகள் போய்விட்டன, 2021 முதல் சுங்கச் சாவடியில் பாஸ்டாக் தானே பணத்தைக் கழித்துக்கொள்கிறது, பிறகு இரண்டாவது ஆள் எதற்கு என்று கேட்டார்கள். கணக்குப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது ஆளின் இடம்தான் இந்தத் தொழிலின் பள்ளிக்கூடம். அதை மூடிவிட்டு, பயிற்சிப் பள்ளியில் சில வாரம் ஓட்டி லைசென்ஸ் வாங்கியவனிடம், தார்ப்பாய் கட்டத் தெரியவில்லை, டயர் ஓசை தெரியவில்லை என்று குறைபட்டுக்கொள்வது நியாயமாகுமா?

விசுவாசத்தைப் பற்றியும் யோசித்தேன். லாரி ஒருமுறை புறப்பட்டால் பத்துப் பதினைந்து நாள் எங்கிருக்கிறது என்றே தெரியாதிருந்த காலத்தில், எப்போதோ வரும் டிரங்க் காலை எதிர்பார்த்திருந்த முதலாளிக்கு டிரைவரை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை; நம்பப்பட்ட மனிதன் அந்த நம்பிக்கைக்குத் தகுந்தவனாக வளர்ந்தான். இன்று ஜி.பி.எஸ். கருவி வண்டி நிற்பதையும் ஓடுவதையும் நொடிக்கு நொடி காட்டுகிறது. டீக்கடையில் கால் மணி நேரம் கூடுதலாக நின்றால் செல்போன் மணி அடிக்கிறது. டெலிவரிப் பையனின் நிலைமை இதைவிடக் கடினம். அவனுக்கு முதலாளி என்று ஒரு முகமே கிடையாது. முன்பின் அறியாத வாடிக்கையாளர் கோபத்தில் கொடுத்த நட்சத்திரக் குறியும், இத்தனை ஆர்டர் முடித்தால்தான் இன்சென்டிவ் என்ற கணக்கும் அவனை ஆளுகின்றன. ஒரு நாள் காலையில் ‘ஐடி பிளாக்’ ஆகியிருந்தால், ஏன் என்று கேட்கக்கூட அவன் போய் நிற்க ஒரு வாசற்படி இல்லை. தமிழக அரசு 2023 சுதந்திர தினத்தன்று இத்தகையோருக்கு ஒரு நலவாரியம் அமைப்பதாக அறிவித்தது வரவேற்கத்தக்கதே; ஆனால் வாரியம் உதவித்தொகை தரலாம், மனிதனுக்கு மனிதன் வைக்கும் நம்பிக்கையைத் தர அதனால் இயலாது. தன் உழைப்பைக் கண்டு மெச்சுவதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில், கூலிக்குரிய அளவு உழைத்துவிட்டு விலகிக்கொள்ளும் இளைஞனை நான் குறை சொல்லமாட்டேன்.

தொழிலின் நிபந்தனைகளே தலைமுறைகளைப் பிரிக்கின்றன என்பதற்கு வேற்று நாட்டிலிருந்தும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1907-ல் சியாட்டில் நகரில் தொடங்கி உலகெங்கும் பரவிய யு.பி.எஸ். என்னும் அமெரிக்கப் பார்சல் ஸ்தாபனத்தில், 2018-ல் ஏற்பட்ட தொழிற்சங்க ஒப்பந்தம் டிரைவர்களில் புதியதொரு வகுப்பை உண்டாக்கியது. அதே பழுப்பு நிற வண்டி, அதே பார்சல், அதே தெரு. புதியவருக்குமட்டும் குறைந்த கூலி. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் இதை வேண்டாமென்று சொல்லியும், பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை என்று சங்க விதியொன்றைக் காட்டி ஒப்பந்தம் நிறைவேற்றப்பட்டது. குறைந்த கூலிக்கு அதே வேலையைச் செய்யும்படி சேர்க்கப்பட்டவன், நிறைந்த கூலி வாங்கும் மூத்தவரைப்போல் ஸ்தாபனத்தை நேசிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்? அங்கே நடந்த நல்ல காரியம், 2023-ல் அடுத்த ஒப்பந்தம் பேச வந்தபோது ஏறத்தாழ 3,40,000 தொழிலாளர் சார்பில் வேலைநிறுத்தத்துக்கே தயாராகி நின்ற டீம்ஸ்டர்ஸ் சங்கம், இந்த இரட்டைக் கூலியை ஒழிப்பதையும் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்து ஒழித்தும் காட்டியதாகும். தம் கூலி உயர்ந்தால் போதும் என்று மூத்தவர்கள் ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை.

நம் மூத்தவர்களிடம் எனக்கு உள்ள வருத்தம் இந்த இடத்தில்தான். தாம் பட்ட கஷ்டத்தையே தொழிலின் மகிமை என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் டிரைவர் அமரும் கேபினுக்குக் குளிர்சாதனம் இருக்கவேண்டும் என்று மத்திய அரசு விதித்தபோது, எங்கள் காலத்தில் ஏசியா இருந்தது என்று கேட்டவர்களை நான் அறிவேன். பங்குனி வெயிலில் எஞ்சின் சூடு காலைச் சுட, வேர்த்து வடிந்து ஓட்டியதால் யாருடைய சிரத்தை வளர்ந்தது? 1961-ல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று விதித்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்த சிறு முதலாளிகளின் டிரைவர்களை அது எட்டவேயில்லை. இரண்டு இரவு சேர்ந்தாற்போல் கண்விழித்து ஓட்டியதை இன்று சாதனையாகச் சொல்லுகிறவர், உறக்கத்தில் வண்டியைச் சாய்த்து உயிரிழந்த தம் சகாக்களையும் நினைக்கவேண்டும். தூக்கம் வருகிறது, இனி ஓட்டமாட்டேன் என்று சொல்லுகிற இளைஞன், எதிரே வரும் பஸ்ஸில் தூங்குகிற ஐம்பது பேருக்கும் சேர்த்தே நன்மை செய்கிறான்.

இளைஞர்களிடமும் ஒரு வார்த்தை எனக்கு உண்டு. கம்பெனி உங்களை மதிக்கவில்லை என்பது வாஸ்தவமாயிருக்கலாம். அதற்காக, வாங்குகிறவர் பொருளை வாசலில் விட்டெறிந்துவிட்டுப் போவதும், ஒருவழிச் சாலையில் எதிரே புகுந்து வருவதும், எனக்குக் கொடுக்கிற காசுக்கு இது போதும் என்று சொல்வதும் சரியாகா. அந்தப் பெட்டிக்குள் ஒரு கிழவியின் மருந்து இருக்கலாம். அந்தச் சாலையில் ஒரு குழந்தை பள்ளிக்குப் போகலாம். அவர்கள் உங்கள் கூலியைக் குறைத்தவர்கள் அல்லர். முதலாளிக்குக் காட்டவேண்டிய விசுவாசத்தை நீங்கள் மறுத்துக்கொள்ளுங்கள், அதற்கு நியாயம் இருக்கிறது. முன்பின் தெரியாத மனிதருக்குக் காட்டவேண்டிய பரிவை மறுக்க யாருக்கும் நியாயம் இல்லை. என் மாமனின் தலைமுறையிடமிருந்து கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டென்றால் அதுதான். நடுரோட்டில் பழுதாகி நின்ற அந்நியன் வண்டிக்கு ஜாக்கியும் ஸ்டெப்னியும் கொடுத்து, விடியும்வரை உடன் இருந்தவர்கள் அவர்கள்.

சங்ககிரி லாரி முதலாளிகளே, டிரைவர் கிடைக்கவில்லை என்று பெஞ்சில் உட்கார்ந்து வருந்துவதைச் சற்று நிறுத்திவிட்டு, உங்கள் வண்டிகளில் ஒன்றிலாவது அந்த இரண்டாவது இடத்தைத் திரும்பத் திறந்து வையுங்கள். பதினெட்டு நிரம்பிய பையனைச் சம்பளத்தோடு அதில் உட்காரவையுங்கள், வசவில்லாமல் கற்றுக்கொடுங்கள், இத்தனை வருஷம் ஒழுங்காக ஓட்டினால் வண்டியில் இவ்வளவு பங்கு என்று எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு காலத்தில் ஒருவர் ஜாமீன் நின்றார். அதையே நீங்கள் அவனுக்குச் செய்யுங்கள்.