பொழுது யாருடையது?

மக்கள் செய்யும் தொழில்களை இரு வகையாகப் பிரித்தல் வழக்கம். வயிற்றுக்காகச் செய்வது ஒன்று. மனத்துக்காகச் செய்வது மற்றொன்று. முன்னதைப் பிழைப்பு என்கிறோம். பின்னதைப் பொழுதுபோக்கு என்கிறோம். ஆயின், ஒரே தொழிலை ஒருவர் பிழைப்பாகவும் மற்றொருவர் பொழுதுபோக்காகவும் செய்யுமிடத்து, அவ்விருவர்க்கும் இடையேயுள்ள வேற்றுமை யாது? அது தொழிலில் உள்ளதா? கூலியில் உள்ளதா? வேறெங்கேனும் உள்ளதா? இவ்வினாவை ஆராய்வதற்குப் பெருந்தத்துவ நூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. சில ஊசிகளும் ஓர் உருண்டை கம்பளி நூலும் போதும்.

இங்கிலாந்து, ஸ்காத்லாந்து முதலிய குளிர்நாடுகளில் கம்பளி நூல் பின்னுதலை விருப்பத் தொழிலாகக் கொண்ட பெண்டிர் பலர், ஆடவரும் உளர். அத்தகையோர் ஒருவரின் பையைத் திறந்து பார்ப்பின், முடிவுறாத வேலைகள் இரண்டு மூன்றேனும் அதனுள் இருக்கக் காணலாம். அவற்றுள் ஒன்று காலுறையாக இருக்கும். மற்றொன்று லேஸ் சால்வையாக இருக்கும். இரண்டும் ஒரே கலையின் இரு முகங்கள். காலுறை பயன் கருதியது. இருமுனையும் கூரிய ஊசிகள் நான்கோ ஐந்தோ கொண்டு, குழாய் போல வட்டமாகப் பின்னப்படுவது. மெல்லிய நூலில் ஒரு சுற்றுக்கு 64 கண்ணிகள் என வைத்துக்கொண்டால், 170 சுற்றுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். இவ்வளவும் ஒரு காலுக்கே. குதிகாலில் திரும்புமிடத்தில் கணக்குத் தவறின் உறை காலுக்குப் பொருந்தாது.

லேஸ் சால்வை அழகு கருதியது. அதில் வேண்டுமென்றே துளைகள் இடப்படுகின்றன. ஊசியின்மேல் நூலை ஒரு முறை வளைத்தால் புதிய கண்ணியும் அதனடியில் ஒரு துளையும் தோன்றும். அருகில் இரு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் எண்ணிக்கை சமப்படும். கூட்டியதைக் குறைத்தே ஆகவேண்டும். இக்கணக்கு ஒரு வரிசையில் பிறழுமாயின், அதன் மேலுள்ள பூவும் இலையும் எல்லாம் பிறழும். ஆதலின், தேர்ந்தவர் இடையிடையே வேறொரு நூலைக் கண்ணிகளினூடே கோத்து வைப்பர். பிழை நேர்ந்தால் அந்த நூல் உள்ள வரிசை வரையில் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். அதற்கு உயிர்க்கயிறு என்று பெயர்.

காலுறையை வண்டியிற் செல்லும்போதும் நண்பரோடு உரையாடும்போதும் பின்னலாம். சால்வைக்கோ நல்ல ஒளியும், அமைதியும், ஒருமித்த மனமும் வேண்டும். ஆகவேதான் இரண்டும் ஒரே பையில் ஒரே காலத்தில் கிடக்கின்றன. முதற் காலுறையை முடித்தபின் இரண்டாவதைத் தொடங்க மனம் எழாமையை ஒரு நோயென்றே கூறிப் பின்னுவோர் தம்முள் நகைப்பதுண்டு.

இங்கே பொருளாதாரம் கற்ற அன்பர் ஒருவர் குறுக்கிட்டு வினவுவார்: "கடையில் இரண்டொரு வெள்ளிக்குக் காலுறை கிடைக்கும்போது, அதனினும் மிகுந்த விலைக்கு நூல் வாங்கி, பல நாள் மாலைப்பொழுதையும் செலவிட்டு ஒரு சோடி செய்வது அறிவுடைமையாகுமோ? இயந்திரம் எதற்காக வந்தது?" இவ்வினாவைத் தள்ளிவிட முடியாது. இதற்கு விடையளிக்கும் முன், அவ்வியந்திரத்தின் கதையையும் சிறிது நோக்குதல் தகும்.

காலுறை பின்னும் பொறியை 1589-ஆம் ஆண்டில் அமைத்தவர், நாட்டிங்ஹாம்ஷயரைச் சார்ந்த கால்வர்ட்டன் என்னும் ஊரினரான வில்லியம் லீ என்பவர். எலிசபெத் அரசியார் அப்பொறிக்குத் தனியுரிமை அளிக்க மறுத்தனர் என்றும், கையாற் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாயில் மண் விழுமென்பதே அம்மறுப்புக்குக் காரணம் என்றும் வழிவழியாகக் கூறுவர். பின்னர்ப் பொறி பரவியது. பொறி வந்தமையால் உழைப்பாளிக்கு ஓய்வு வந்ததா? வரவில்லை. நாட்டிங்ஹாம்ஷயரின் பின்னற்காரர் பலர் பொறியை முதலாளியிடம் வாடகைக்கு எடுத்து, அவ்வாடகை போக எஞ்சிய கூலியில் குடும்பத்தை நடத்தினர். 1811-ஆம் ஆண்டில் அவர்களிற் சிலர் பொறிகளை உடைக்கத் தொடங்கினர். மறு ஆண்டே அங்ஙனம் உடைப்போர்க்குத் தூக்குத்தண்டனை என்று சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தை எதிர்த்துப் பிரபுக்கள் சபையிற் பேசியவர் கவிஞர் பைரன். பொறி கைக்கு வேலையைக் குறைக்கும். அங்ஙனம் குறைந்த பொழுது எவருக்குச் சேரும் என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்பவர் மக்களே.

இனி, மற்றொரு வினா உண்டு. அது முன்னதினும் கூரியது. "எந்தத் தொழிலால் ஏழைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வருந்தினரோ, அத்தொழிலை வசதியுள்ளோர் விளையாட்டாகக் கொள்வது தகுமோ?" என்பதே அது. இவ்வினாவின் பொருளை உணர ஸ்காத்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளுக்குச் செல்லவேண்டும்.

அத்தீவுகளுள் வடகோடியில் உள்ள அன்ஸ்ட் என்னும் தீவு லேஸ் சால்வைக்குப் பேர்போனது. திருமண மோதிரத்தினூடே இழுத்துவிடக்கூடிய அத்துணை மெல்லிய சால்வைகள் அங்கே பின்னப்பட்டன. அவற்றைப் பின்னிய பெண்களின் வாழ்வு அங்ஙனம் மெல்லியதாக இருக்கவில்லை. அடுப்பெரிக்கும் புற்கரியைக் கூடையில் முதுகிற் சுமந்து நடக்கும்போதும் அவர்தம் கைகள் பின்னிக்கொண்டேயிருந்தன. பின்னிய சால்வையை வணிகரிடம் கொண்டு சென்றால், அவர் கொடுத்தது காசன்று, தேயிலையும் துணியும். வீட்டிற்கு வேண்டியதோ மாவு. ஆகவே, கூலியாகப் பெற்ற தேயிலையை அண்டை அயலில் கொடுத்து, நட்டத்துக்கு மாவு வாங்கிய பெண்களும் உளர். இக்கொடுமையை விசாரிக்க அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. 1872-ஆம் ஆண்டில் அப்பெண்களே நேரில் வந்து சாட்சியம் கூறினர். 1887-ஆம் ஆண்டுச் சட்டம் பண்டமாகக் கூலி கொடுக்கும் வழக்கத்தை ஒடுக்க முற்பட்டது. ஆயினும், சட்டம் வந்த மறுநாளே அவ்வழக்கம் மறைந்துவிடவில்லை.

இப்பொழுது இருவரையும் அருகருகே வைத்து நோக்குவோம். அன்று அன்ஸ்ட் தீவிற் பின்னிய ஏழைப் பெண் ஒருத்தி. இன்று எடின்பரோ நகரில் அலுவல் முடிந்து வந்து மாலையிற் பின்னும் பெண் ஒருத்தி. ஊசி ஒன்றே, கண்ணி ஒன்றே, துளையின் கணக்கும் ஒன்றே. இருவர் கையிலும் தோன்றும் பூவும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலின், வேற்றுமை தொழிலில் இல்லை என்பது தெளிவு.

கூலியில் உள்ளதோ எனின், அதுவும் அன்று. இதற்கு நம்மவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்னும் மிஷன் அம்மையார் பெண்களுக்கு லேஸ் தொழில் கற்பித்தார். அது ஊசியாற் பின்னுவதன்று. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. கற்ற பெண்களிற் பலர் தாழ்த்தப்பட்ட குடியினர், சிலர் அடிமைகள். அத்தொழிலில் ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம் அடிமைத்தளையை நீக்கிக்கொண்ட பெண்களும் இருந்தனர் என மிஷன் வரலாறுகள் கூறும். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-ஆம் ஆண்டில்தான் என்பதை நினைவிற்கொண்டால், அப்பெண்கள் கையில் விழுந்த காசின் அருமை விளங்கும். அவர்கள் பொழுதுபோக்குக்காகப் பின்னவில்லை, கூலிக்கே பின்னினர். அக்கூலியே அவர்களுக்கு விடுதலையாயிற்று. ஆகவே, கூலிக்குச் செய்வது இழிவு, விருப்பத்துக்குச் செய்வது உயர்வு என்று கூறுவோர் கூற்று பிழைபட்டது.

அங்ஙனமாயின், வேற்றுமை எங்கேயுள்ளது? நிறுத்தும் உரிமையில் உள்ளது என்போம். எடின்பரோப் பெண் இரண்டாம் காலுறையைப் பின்னாமலே விட்டுவிடலாம். எவரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. சால்வையில் நாற்பது வரிசைக்குக் கீழே ஒரு பிழையைக் கண்டால், பெருமூச்செறிந்து முழுவதையும் பிரித்துவிட்டு, நூலைச் சுற்றி வைத்து, மறுவாரம் தொடங்கலாம். பிரித்த நூல் கெடுவதில்லை. கற்ற பாடமும் வீண்போவதில்லை. அன்ஸ்ட் பெண்ணுக்கோ நாற்பது வரிசையைப் பிரிப்பது பல நாள் உணவைப் பிரிப்பதாகும். பிழை செய்யவும், பிரிக்கவும், காத்திருக்கவும், கைவிடவும் எவருக்கு இடமுண்டோ, அவருக்கே அப்பொழுது சொந்தம். பொழுது தன்னுடையதாயின், பதினாயிரம் கண்ணியும் இன்பம். பொழுது பிறருடையதாயின், முதற் கண்ணியே பாரம்.

பொருளாதார அன்பருக்கும் இதிலேயே விடை உண்டு. பின்னும் பெண் காலுறையை மட்டும் செய்யவில்லை. பகலெல்லாம் பிறருக்கு விற்றுவிட்ட தன் பொழுதில் எஞ்சிய சிறு பகுதியைத் தன்னுடையதாகச் செய்துகொள்கிறாள். அவ்வாறு செய்துகொள்வதற்கு இவ்வளவு நூல் விலை மிகையாகாது. பகலில் அவள் செய்யும் வேலையின் முடிவை அவள் காண்பதில்லை. ஏடுகள் எங்கோ செல்கின்றன, எவரோ கையெழுத்திடுகின்றனர். இங்கேயோ தொடக்கமும் முடிவும் அவள் மடியிலேயே கிடக்கின்றன.

ஆயின், இவ்வின்பத்தை நுகர்வோர்க்கு இரு கடமைகள் உண்டு என்று நாம் கருதுகிறோம்.

முதலாவது, அத்தொழிலையே பிழைப்பாகக் கொண்டோரின் விலையைக் குறைத்துப் பேசாதிருத்தல். "விரும்பித்தானே செய்கிறாய், இதற்கு இவ்வளவு கூலியா?" என்னும் சொல் உலகில் மலிந்துள்ளது. பின்னுபவள், பாடுபவன், பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர், நோயாளியைப் பேணும் தாதி ஆகிய அனைவரும் இச்சொல்லைக் கேட்டவர்களே. தொழிலில் இன்பம் உண்டு என்பதைக் காரணமாகக் காட்டிக் கூலியைப் பிடித்துக்கொள்வது திருட்டின் நாகரிக வடிவம். ஒரு கண்ணிக்கு எவ்வளவு உழைப்புச் செல்லும் என்பதைத் தன் விரலால் அறிந்தவர், பிறர் பின்னிய சால்வையை இயந்திரச் சால்வையின் விலைக்குக் கேட்கலாகாது. அறிந்தும் கேட்பாராயின், அறியாதவரினும் குற்றமுடையவர் அவரே.

இரண்டாவது, பெண்ணின் கைகளைப் பற்றியது. பெண் வெறுங்கையாக உட்கார்ந்திருத்தல் இழுக்கு என்னும் எண்ணம் மேல்நாட்டிலும் இருந்தது. நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஆடவன் திண்ணையில் சாய்ந்திருந்தால் ஓய்வு. பெண் சாய்ந்திருந்தால் சோம்பல். அதனால், ஓய்வு நேரத்திலும் அவள் கையில் ஏதேனும் ஒரு வேலையைத் திணித்து, அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டு விடுகிறோம். அவ்வாறாயின், அழகிய லேஸும் ஒரு வகைத் தளையே. பின்னுவது அவள் விருப்பமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவள் சும்மா இருந்தால், வீட்டிலுள்ளோர் யாதேனும் கூறுவார்களா? கூறாத வீட்டில்தான் பின்னுதல் விருப்பத் தொழில்.

நம் முன்னோர் பலர் இந்நாட்டுத் தோட்டங்களில் விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுத்து, மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டியவர்கள். அவர்களுக்குப் பொழுதுபோக்கு என்பதே அரிதாயிருந்தது. அவர்தம் பெயர்த்திகளிற் சிலர் இன்று குளிரூட்டிய அறைகளிலிருந்து வேலை முடித்து வந்து, தையலோ, பின்னலோ, பூக்கட்டுதலோ, தமக்குப் பிடித்த யாதேனும் ஒன்றில் மாலைப்பொழுதைக் கழிக்கின்றனர். அதனை வீண் என்று இகழ்வோர், எவ்வளவு பாடுபட்டு அம்மாலைப்பொழுது பெறப்பட்டது என்பதை மறந்தவராவர். அதனைப் பெற்றவரும், அது இன்னும் கிட்டாதார் பலர் அடுத்த தெருவிலேயே உளர் என்பதை மறத்தலாகாது. இரவு பத்து மணிக்குத் தட்டுக் கழுவி நிற்கும் பெண்ணுக்கும் விருப்பங்கள் இருக்கும். அவற்றுக்குரிய பொழுதுதான் அவளிடம் இல்லை.

ஆதலின் அன்பர்களே, முடிவுறாத காலுறை ஒன்று எவர் பையிலேனும் கிடக்கக் கண்டால் நகையாதீர்கள். முடிக்காமல் வைத்திருக்கும் உரிமை எளிதில் வந்ததன்று. அவ்வுரிமை எல்லார்க்கும் வரும் வரையில் கூலியைப் பற்றியும், வேலை நேரத்தைப் பற்றியும், வீட்டுப் பாரத்தைப் பகிர்வதைப் பற்றியும் நாம் பேசிக்கொண்டேயிருத்தல் வேண்டும்.